செம்பியன் மீறிய சத்தியம்

ஆமா அண்ணாச்சி, நான்தான். இசக்கிதுரைதான். டிவியில 'துரை, துரை'ன்னு கத்துவாவல்லா, அந்தத் துரைதான். ஏறுனதுலேருந்து நீங்க என்னய ஓரக்கண்ணால பாக்கது தெரிஞ்சுது. கேக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கீய போலன்னு நெனச்சேன். கேட்டுட்டீய. நல்லதுதான்.

இல்ல, முட்டியெல்லாம் அப்பவே சரியாயிட்டு. முட்டி போனதுனாலதான் ஆட்டத்த விட்டேன்னு ஊருல பாதிப்பேரு நெனச்சிக்கிட்டு இருக்காவ. மீதிப்பேரு வேற ஒண்ணு நெனச்சிக்கிட்டு இருக்காவ. நீங்க எந்தப் பாதின்னு நான் கேக்கல. வள்ளியூருன்னு சொல்லுதீய, நமக்குப் பக்கம்தான், ஏதாச்சும் காதுல விழுந்திருக்கும். பஸ்ஸு மதுரை தாண்டி திருநெல்வேலி போய்ச்சேர பொழுது கிடக்கு. சொல்லுதேன், கேளுங்க. இந்தாங்க, கடல எடுத்துக்கிடுங்க.

எனக்குத் துரோகம் பண்ணுனவன் ஒரே ஒருத்தன்தான். பேரு செம்பியன். மன்னார்குடிக்குப் பக்கத்துல ஒரு கிராமம். அவன் ஊருக்குப் போயிட்டுத்தான் இப்ப வாறேன். ஏன் போனேன்னு பொறவு சொல்லுதேன்.

கபடி லீக்குல நாங்க ரெண்டுபேரும் ஒரே டீமு. நாலு சீசனும் ஒரே ரூமு. நான் ரெய்டரு. எதிராளி களத்துக்குள்ள பாடிக்கிட்டே போயி, தொட்டுட்டு ஓடியாறவன். அவன் கார்னரு. ஓரத்துல குத்தவச்ச மாதிரி நின்னு, வாறவன் கணுக்காலப் பிடிக்கவன். எலிப்பொறி மாதிரி பிடிப்பான் அண்ணாச்சி. அவன் கையில சிக்குன காலு திரும்பாது. எங்களுக்குள்ள சண்டையே கிடையாது. என் அம்மை கைமுறுக்கு சுட்டு அனுப்புனா முக்காவாசிய அவன்தான் திம்பான். அவ்வளவு ஒட்டுதலா இருந்தவன்.

மூணாவது சீசன்ல நான் உச்சத்துல இருந்தேன். நீங்க பாத்திருப்பீய. அரையிறுதி வரைக்கும் கொண்டுபோனது நான்தான்னு பேப்பர்லயே போட்டான். அந்த அரையிறுதியிலதான் வந்துது வினை. கடைசி ரெய்டு. ஒரு பாயிண்டு எடுத்தா சமம், ரெண்டு எடுத்தா ஜெயிப்பு. நான் போனேன். கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது அமுக்கிட்டானுவ. என் கை கோட்டத் தொட நீண்டுக்கிட்டு இருக்க மாதிரி ஒரு போட்டோ வந்துது பாத்தீயளா? அந்தப் போட்டோவ வச்சு என்னென்ன எழுதுனானுவ! பிச்சைக்காரன் கைன்னு ஒருத்தன். கல்லறையிலேருந்து வந்த கைன்னு ஒருத்தன். எங்க அம்மையப் பத்திக்கூட எழுதுனானுவ. எல்லாத்தையும் படிச்சேன். ஒண்ணு விடாம படிச்சேன். செம்பியன்தான் போனப் பிடுங்கி வைப்பான். "படிக்காதடா, உனக்கு என்ன பைத்தியமா"ம்பான். அவன் குளிக்கப் போனதும் எடுத்துப் படிப்பேன்.

அதுக்கு அடுத்த சீசன்ல முட்டி. ஊசி போட்டுக்கிட்டு ஆடுனேன். அது பரவாயில்ல, வலிய நான் தாங்குவேன். வேற ஒண்ணு வந்துது. எப்படிச் சொல்ல... காலையில எந்திரிச்சா காலு கட்டில விட்டுக் கீழ எறங்காது. நோவு ஒண்ணும் இல்ல. எறங்காது, அவ்வளவுதான். சோறு வாயில போட்டா மண்ணு திங்க மாதிரி. தூக்கம்? அது எங்கயோ போயிட்டு. இதெல்லாம் எல்லாருக்கும் வரக்கூடியதுதானே. நான் அத நோயின்னே நெனைக்கல. இப்பவும் ஒரேயடியா அப்படிச் சொல்ல மாட்டேன்.

ஆனா ஒண்ணு நடந்துது. ஒரு மேட்சுல பாடிப் போறேன். கபடி, கபடி, கபடி... எனக்கு நல்லாக் கேக்கு. ரெண்டு எட்டு உள்ள வச்சிருக்கேன், அம்பயரு விசிலடிச்சுட்டாரு. பாட்டு இல்லையாம். "நீ வாயத் தொறந்து சொல்லல, அவுட்டு"ங்காரு. நான் சண்டை போட்டேன். பொறவு ரீப்ளே போட்டுக் காட்டுனான். வாய் அசையுது அண்ணாச்சி, சத்தம் இல்ல. ஒரு ரெய்டருக்கு வேற என்ன வேணும்? காலு போனா கட்டுப் போடலாம். சத்தம் போனா? அப்படி மூணு மேட்சுல ஆச்சு. வெளிய உக்கார வச்சுட்டாவ.

அப்பதான் ஒரு மத்தியானம். ஜெய்ப்பூர்ல ஓட்டல். பிராக்டிஸ் முடிஞ்சு எல்லாரும் கீழ சாப்பிடப் போயிட்டாவ. செம்பியன் கட்டில்ல உக்காந்து விரலுக்கு டேப் சுத்திக்கிட்டு இருக்கான். நான் ஒண்ணும் பெருசா சொல்லல. சும்மா கேட்டேன்.

"செம்பியா, நான் இல்லேன்னா எங்க அம்மைய அப்பப்ப போயிப் பாத்துக்கிடுவியாடே?"

சுத்துன கை நின்னுட்டு. "எங்க போற?"

"எங்கயும் இல்லடே. போதும்னு இருக்கு."

"என்ன போதும்?"

"எல்லாமும்தான்."

அவன் எந்திரிச்சு வந்து எம் பக்கத்துல உக்காந்தான். ஒண்ணொண்ணா கேட்டான். எப்பத்துலேருந்துன்னான். எப்படி செய்யணும்னு நெனச்சு வச்சிருக்கியான்னான். மூஞ்சிக்கு நேரா கேட்டான் அண்ணாச்சி, கொஞ்சங்கூடக் கூச்சமில்லாம. நானும் ஏன்னு தெரியாம சொல்லிட்டேன். உள்ளதச் சொல்லிட்டேன். சொல்லி முடிச்சதும் பயம் வந்துட்டு. கைய நீட்டுனேன். "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு ஒங்கம்மா மேல சத்தியம் பண்ணு"ன்னேன்.

அவன் என் கையவே பாத்துக்கிட்டு இருந்தான். ரொம்ப நேரம் பாத்தான். மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சு. சத்தியம் பண்ணவே அவ்வளவு யோசிச்சான்னா என்ன அர்த்தம்? மீறணும்னு அப்பவே முடிவு பண்ணிட்டான்னுதானே அர்த்தம்! எனக்கு அன்னைக்குப் புரியல. கடைசியில கையில அடிச்சான். "எங்கம்மா மேல சத்தியம்"னான். "இரு, டீ வாங்கிட்டு வாறேன்"னு சொல்லிட்டுப் போனான்.

டீ வரல. கோச்சக் கூட்டிக்கிட்டு வந்தான்.

நான் ஒருத்தன நம்பி வாயத் தொறந்தேன். அரை மணிநேரம்கூட ஆகல. அம்மை மேல பண்ணுன சத்தியம் அண்ணாச்சி!

கோச் மகேந்திரவர்மன் சாரு தங்கமான மனுஷன். அத இங்க சொல்லணும். அவரு வந்து பதறவே இல்ல. என் தோள்ல தட்டுனாரு. "நீ சிங்கம்டா. சிங்கத்துக்கு என்னடா டென்ஷன்? நாளைக்கு மறுநாள் மேட்சு. முட்டிக்கு ஒரு ஊசி போட்டு எறக்கிடுதேன், நாலு பாயிண்டு எடுத்தா எல்லாம் தன்னால சரியாயிரும்"னாரு. போகும்போது செம்பியனப் பாத்து, "இது இந்த நாலு செவத்துக்குள்ள இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா பிளேயருக்கு மதிப்பு போயிரும். வீட்டுக்கெல்லாம் சொல்லி பீதியக் கெளப்பாத"ன்னாரு. என் மானத்தக் காப்பாத்தணும்னு நெனச்சது அவரு ஒருத்தருதான்.

இவன் என்ன செஞ்சான்? கோச் லிஃப்டுல ஏறி எறங்கியிருக்க மாட்டாரு, எங்க அம்மைக்குப் போனப் போட்டுட்டான். "அம்மா, துரைக்கு ஒடம்பு சரியில்ல, ஒடனே கெளம்பி வாங்க"ன்னு. எங்க அம்மை பேச்சியம்மா, எங்க ஊரு களக்காட்டத் தாண்டி திருச்செந்தூரு வரைக்கும்தான் போயிருப்பா. அவளுக்கு டிக்கெட்டு, கூட வர எங்க மாமனுக்கு டிக்கெட்டு, எல்லாம் அங்க உக்காந்துக்கிட்டே போட்டான். கோச் சொன்னதுக்கு என்ன மரியாத?

அம்மை வந்து சேருதவரைக்கும் இவன் எனக்கு ஜெயிலரு. சிரிக்காதீய, நெசமாத்தான். ஓட்டல்ல எலெக்ட்ரிக் வேல பாக்க ஆளுகிட்ட ஸ்குரூடிரைவரு வாங்கிட்டு வந்து கக்கூஸ் கதவுல இருந்த தாழ்ப்பாளக் கழட்டிட்டான். ஒரு மனுஷன் நிம்மதியா கக்கூஸ் போகக்கூடாதா? வெளிய நின்னுக்கிட்டு பேச்சுக் குடுத்துக்கிட்டே இருப்பான். "துரை, உங்க ஊரு வாழைத்தார் என்னா வெல போவும்? துரை, நேந்திரனா பெருசு, மட்டியா பெருசு?" பதில் சொல்லலேன்னா கதவத் தள்ளிருவான். படுக்கும்போது மெத்தையத் தூக்கி வாசலுக்குக் குறுக்கப் போட்டுக்கிட்டான். நான் திட்டுனேன். கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னேன். அவன் அம்மைய இழுத்துத் திட்டுனேன். "சரிடா"ம்பான். வேற ஒண்ணும் பேச மாட்டான்.

இதுல மேட்சு வந்துட்டு. நாக்-அவுட் மேட்சு. செம்பியன் இல்லாம டிஃபென்ஸே கிடையாது. அன்னைக்குக் காலையில கோச்சுகிட்ட போயி தோள்பட்டை சுளுக்கிட்டுன்னு சொல்லிட்டான். பச்சைப் பொய்! தோளு நல்லா இருக்கு. அந்தத் தோள வச்சுத்தான் முந்துன நாளு அவ்வளவு பெரிய மெத்தையத் தூக்கி வாசல்ல போட்டான். எனக்குக் காலு கட்டில விட்டு எறங்கல, என்னய விட்டுட்டு எல்லாரும் ஆடப் போயிட்டாவ. இவன் ரூம்ல எங்கூட உக்காந்துக்கிட்டான். மேட்சு டிவியில ஓடுது, அவன் எடத்துல வேற ஒருத்தன் நின்னு கோட்ட விட்டுக்கிட்டு இருக்கான், இவன் எனக்கு ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு இருக்கான். டீமு தோத்துப் போச்சு. பாத்துக்கிடுங்க, பொய் சொல்லுதது அவனுக்கு எவ்வளவு சாதாரணம்னு. எங்கிட்டயும் பொய், கோச்சுகிட்டயும் பொய்.

அம்மை வந்தா. கைல ஒரு மஞ்சப்பை. நான் கட்டில்ல உக்காந்திருக்கேன். அழுவான்னு நெனச்சேன், அழல. எம் பக்கத்துல வந்து என் மூஞ்சிய ரெண்டு கையாலயும் தடவிப் பாத்தா. பொறவு செம்பியன் மூஞ்சியையும் அதே மாதிரி தடவுனா. எனக்கு அது பிடிக்கல. அவன் என்ன செஞ்சான்னு அவளுக்கு எங்க தெரியும்?

ஊருக்குத் திரும்பும்போது அவனும் ரயில்ல வந்தான். யாரும் கூப்பிடல. மேல் பெர்த்துல படுத்துக்கிட்டு என்னயவே பாத்துக்கிட்டு வந்தான். நான் வாசப்படி பக்கம் காத்து வாங்கப் போனா பின்னாலயே வந்து நிப்பான். பாளையங்கோட்டையில ஒரு டாக்டரம்மாகிட்ட கொண்டுபோயி உக்கார வச்சான். மனநல டாக்டரு. அந்தம்மா நல்லவுகதான், அவுகளக் குத்தம் சொல்ல மாட்டேன். "தம்பி, முட்டிக்கு வைத்தியம் பாத்தீங்கல்ல, அதே மாதிரி இதுக்கும் பாக்கணும். வெக்கப்பட ஒண்ணுமில்ல"ன்னாவ. மாத்திரை குடுத்தாவ. மாசாமாசம் போயிப் பேசிட்டு வாறேன். இப்பத் தூங்குதேன். சாப்பிடுதேன். போன வாரம், நான் வேல பாக்க எங்க மாமன் வாழைத்தார் மண்டியில தராசு கம்பி அறுந்து அவரு தலப்பா மேல விழுந்துது, வயிறு வலிக்கச் சிரிச்சேன். அது வேற விஷயம். அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாதீய.

நான் சொல்ல வந்தது வேற. வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்ல யூடியூபுல ஒரு வீடியோ வந்துது. 'தற்கொலைக்கு முயன்ற பிரபல கபடி வீரர்'னு பெருசா எழுதி, என் போட்டோ. அந்தக் கை நீண்ட போட்டோ. நான் முயற்சியே பண்ணல அண்ணாச்சி! நெனச்சேன், அவ்வளவுதான். எங்க பண்ண விட்டான்? தாழ்ப்பாளையே கழட்டிட்டானே!

வீடியோவுக்கு விஷயத்தக் குடுத்தது செம்பியன் இல்ல. அது எனக்கே தெரியும். டீம் ஆபீஸ்ல யாரோ. கோச்சுக்கும் எங்களுக்கும் தவிர வேற யாருக்கும் தெரியாது, ஆனா கோச் அப்படிச் செய்யிற ஆளு இல்ல. எப்படியோ வெளிய போயிட்டு. ஆனா மொதல்ல வாயத் தொறந்தது யாரு? ஊத்துக்கண்ணு எது? அவன்தானே!

பொறவு நடந்தது ஒங்களுக்கே தெரிஞ்சிருக்கும். எனக்குப் பாத்து வச்சிருந்த பொண்ணு வீட்டுல, "பொண்ணுக்குப் படிப்பு முடியல"ன்னு சொல்லிட்டாவ. டீக்கடைக்குப் போனா பேச்சு நிக்கும். எதுக்க வாறவன் என் கண்ணப் பாக்க மாட்டான், என் கழுத்தப் பாப்பான். அடுத்த சீசன் ஏலம் வந்துது. டிவி முன்னாடி உக்காந்திருந்தேன். என் பேரச் சொன்னாவ. யாரும் கை தூக்கல. மறுபடியும் சொன்னாவ. சுத்தியலத் தட்டிட்டு அடுத்த பேருக்குப் போயிட்டாவ. எங்க டீமும் எடுக்கல. கோச் சாரு அந்த மேசையிலதான் உக்காந்திருந்தாரு, தண்ணி குடிச்சுக்கிட்டு. அவரு கையில என்ன இருக்கு? எத்தனையோ பேருக்குப் பதில் சொல்லணும். அதுக்குப் பொறவு போன் பண்ணுனா எடுக்க மாட்டாரு. வேல அப்படி.

செம்பியனையும் யாரும் எடுக்கல. நாக்-அவுட் மேட்சுல பொய்க்காயம் சொன்னவன்னு எல்லா டீமுக்கும் சேதி போயிட்டாம். பின்ன? பொய் சொன்னா இதெல்லாம் வரும்தானே. ஆனா ஒண்ணு, அவன் அதப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. எனக்கே வேற ஆளு சொல்லித்தான் தெரியும். சொல்லியிருக்கலாம். ரெண்டு திட்டு திட்டியாச்சும் இருக்கலாம். "உன்னாலதான்டா என் ஆட்டம் போச்சு"ன்னு சொல்லியிருந்தா, நானும் பதிலுக்குச் சொல்லியிருப்பேன், கணக்கு தீர்ந்திருக்கும்.

நான் அவன் நம்பர அழிச்சுட்டேன், அவன் பண்ணுனாலும் எடுக்கல. அவன் எங்க அம்மை போனுக்குப் பண்ணுவான். வாரத்துக்கு ஒருதரம். எங்க அம்மை அடுக்களையில நின்னுக்கிட்டு, "ஆமாய்யா, தின்னான்யா, தூங்குனான்யா"ன்னு ஒப்பிப்பா. பெத்த தாயே கட்சி மாறிட்டா. "துரோகிகிட்ட என்னம்மா பேச்சு"ன்னு கத்துனேன் ஒருநாளு. அம்மை போன வச்சுட்டு எங்கிட்ட வந்தா. "ஏல, கத்து. நல்லாக் கத்து. இந்தச் சத்தத்தக் கேக்கத்தான் நான் ரயிலேறி வந்தேன்"ன்னா. நான் நேரா மண்டிக்குப் போயிட்டேன்.

இப்படியே ரெண்டு வருசம் ஓடிட்டு. போன மாசம் திசையன்விளை டீம்காரனுவ வந்தானுவ. மன்னார்குடி பக்கம் ஒரு டோர்னமெண்டு, எங்களுக்கு ரெய்டரு இல்ல, நீங்க வந்தா போதும்ங்கானுவ. நான் ஆடி எவ்வளவு நாளாச்சு! மாட்டேன்னுதான் சொன்னேன். நடத்துதது எந்த ஊருன்னு கேட்டேன். அவன் ஊருதான். அந்த ஊரு டீமுக்கு அவன் ஆடுதானாம். "வாறேன்"னுட்டேன். நேர்ல வச்சு ஒரு வார்த்தை கேக்கணும்னு. அதுக்கு முன்னாடி, அவன் ஊருக்காரன் பாக்க, அவன மண்ணக் கவ்வ வைக்கணும்னு.

நேத்து சாயங்காலம்தான் எங்களுக்கும் அவனுவளுக்கும் மேட்சு. மண்ணுத் தரை. சுத்தி கயிறு கட்டி, ஜனமுன்னா ஜனம், தென்னமரத்துல எல்லாம் ஏறி உக்காந்திருக்கு. எதுத்தாப்புல இடது ஓரத்துல அதே மாதிரி குத்தவச்சு நிக்கான். கொஞ்சம் சதை போட்டிருக்கான். என்னயப் பாத்ததும் சிரிக்கல, மொறைக்கவும் இல்ல. என் காலப் பாத்தான். கார்னர்காரன் காலத்தான் பாப்பான்.

மொத ரெய்டு. கோட்டுகிட்ட நிக்கேன். சத்தம் வராட்டி என்ன செய்ய? அவன் முன்னாடியா அசிங்கப்படணும்னு நெனச்சேன். மூச்ச இழுத்தேன். கோட்டத் தாண்டி கால வச்சேன். வந்துது அண்ணாச்சி! கணீர்னு வந்துது. எனக்கே தூக்கிவாரிப் போட்டுது. தென்னமரத்துல இருந்தவனுக்குக் கேட்டிருக்கும். நேரா அவன்கிட்டதான் போனேன். அவன் ஒரு நொடி அசையாம நிக்கான், வாயத் தொறந்துக்கிட்டு எம் பாட்டக் கேட்டுக்கிட்டு நிக்கான் கூமுட்டை. தோள்ல ஒரு தட்டு தட்டிட்டு வந்துட்டேன்.

அவன அவுட்டாக்குனது எவ்வளவு சந்தோசம்ங்கீய! ஆனா பொறவு உள்ள வந்து பிடிச்சுட்டான். ரெண்டு தடவ பிடிச்சான். அதே பிடி. தோத்துத்தான் போனோம். மேட்சு முடிஞ்சு, "வீட்டுக்கு வாடா, அம்மா கொழம்பு வச்சிருக்கு"ன்னான். போகல. பள்ளிக்கூடத்துலதான் எங்க டீமு தங்கியிருந்துது, அங்கயே படுத்துக்கிட்டேன்.

இன்னைக்குக் காலையில டீம்காரனுவளெல்லாம் வேன்ல கெளம்பிட்டானுவ. நான் பஸ்ஸுல வாறேன்னு சொல்லிட்டு கிரவுண்டுக்குப் போனேன். அவன் தனியா நின்னு கட்டுன கயித்த அவுத்துச் சுத்திக்கிட்டு இருக்கான். நேரா போயிக் கேட்டேன்.

"ஏன்டே சொன்ன?"

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காத. ஒங்கம்மா மேல சத்தியம் பண்ணிட்டு ஏன்டே போயிச் சொன்ன?"

கயித்தக் கீழ போட்டான். பொறவு, "எங்க அண்ணனைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"னான்.

அவனுக்கு நலங்கிள்ளின்னு ஒரு அண்ணன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். "பைக்குலேருந்து விழுந்து செத்துட்டாருன்னு சொன்ன"ன்னேன்.

"ஊருக்கு அப்படித்தான் சொல்லி வச்சிருக்கோம்"னான். "அவனும் ரெய்டர்தான்டா. ஒரு டிபார்ட்மெண்டு டீமுக்கு ஆடினான். லீவுல வந்திருந்தப்ப வாய்க்கால்ல குளிச்சுக்கிட்டு இருந்தோம். நீ சொன்ன பாரு, போதும்னு இருக்குன்னு, அதே மாதிரிதான் அவனும் சொன்னான். யார்கிட்டயும் சொல்லாதன்னு அம்மா மேல சத்தியம் கேட்டான். நான் பன்னெண்டாவது படிச்சுக்கிட்டு இருந்தேன். கையில அடிச்சுக் குடுத்தேன்."

கீழ போட்ட கயித்தத் திரும்ப எடுத்துக்கிட்டான்.

"அந்தச் சத்தியத்தைக் காப்பாத்தினேன் துரை. அம்மாகிட்டகூட சொல்லல. அவன் போனதுக்கு அப்புறமும் சொல்லல. இன்னைக்கு வரைக்கும் சொல்லல. ஒரு சத்தியத்தைக் காப்பாத்தினது போதும்டா எனக்கு."

எனக்கு வந்துது பாருங்க ஆத்திரம்! நாலு வருசம் ஒரே ரூம்ல கெடந்திருக்கோம். ஒரே சோப்பு போட்டுக் குளிச்சிருக்கோம். என் மனசுல உள்ளதையெல்லாம் நோண்டி நோண்டிக் கேட்டவன், அவன் மனசுல இவ்வளவு பெருச வச்சிக்கிட்டு எங்கிட்டச் சொல்லல. இது துரோகம் இல்லையா? "இத ஏன்டே எங்கிட்டச் சொல்லல?"ன்னு சட்டையப் பிடிச்சுட்டேன்.

"அன்னைக்குச் சொல்லியிருந்தா, இவன் போய்ச் சொல்லிடுவான்னு நீ வாயையே திறந்திருக்க மாட்ட"ன்னான். "அதுக்கப்புறம் நீதான் போனை எடுக்கலையே."

சட்டைய விட்டேன். ரெண்டு பேரும் மண்ணுல உக்காந்தோம். அவன் கயித்து நுனியப் பிரிச்சுக்கிட்டே இருக்கான். கடைசியில நான்தான் கேட்டேன். "ஒங்க அண்ணன் எப்படிடே பாடுவாரு?"

என்னய நிமுந்து பாத்தான். அத அவன்கிட்ட இதுவரைக்கும் யாரும் கேக்கல போலிருக்கு. எந்திரிச்சான். கோட்டுக்கு அந்தப் பக்கம் போயி நின்னான். செம்பியன் பாடிப் போயி நான் பாத்ததே இல்ல அண்ணாச்சி, அவன் கார்னர்காரன். மெதுவா குனிஞ்சு, கீழ்க்குரல்ல, வண்டு சத்தம் மாதிரி ஆரம்பிச்சான். இடது கால முன்ன வச்சு, வலது கையத் தாழ்த்தி. "இப்படித்தான் வருவான்"னு சொல்லவே வேண்டாம், எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அது வேற ஒருத்தர் வாற மாதிரியேதான் இருந்துது. பாதி களத்துக்கு வந்ததும் சத்தம் உடைஞ்சுட்டு. பாட்டு நின்னா அவுட்டு. அவன் நிக்கல. பாட்டு இல்லாமயே வந்துக்கிட்டு இருக்கான், கண்ணெல்லாம் ஒழுக.

நான் போயிப் பிடிச்சேன். எனக்குப் பிடிக்கத் தெரியாது. என்னத்தயோ பிடிச்சேன், இடுப்போ தொடையோ. ரெண்டு பேரும் விழுந்தோம். முழங்கை செராஞ்சுட்டு. "விடுடா"ன்னு அவன் சொல்லல. நானும் விடல. அந்தப் பக்கம் பால் கொண்டுபோன அம்மா ஒருத்தி சைக்கிள நிறுத்தி, "விடிஞ்சதும் விடியாததுமா என்னப்பா சண்டை, யாராவது வெலக்கி விடுங்களேன்"னு கத்துதா. அவ கத்துனதுக்குப் பொறவுதான் எந்திரிச்சோம். அவன் வீட்டுக்குப் போயி, அவங்கம்மா கையால இட்லி தின்னுட்டு, பஸ்ஸு ஏறிட்டேன்.

என்ன, சிரிக்கீய?

எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனைக்காதீய அண்ணாச்சி. அதெப்படி? சத்தியத்த மீறுனது மீறுனதுதான். பஸ்ஸு படியில நின்னுக்கிட்டே சொல்லிட்டுத்தான் வந்தேன், "நீ எனக்குச் செஞ்சது துரோகம்தான்டே"ன்னு. "சரிடா"ங்கான். அந்த ஒரு வார்த்தை போதுமா எனக்கு? ஆடி மாசம் எங்க ஊருல கோயில் கொடைத் திருவிழா, வான்னு சொல்லியிருக்கேன். வருவான். அப்பவும் கேப்பேன். வருசா வருசம் கேப்பேன். அவனுக்குக் கல்யாணம் ஆகி, எனக்கும் ஆனா ஆகி, புள்ளைய பொறந்து வளந்து, அதுவ முன்னாடி வச்சும் கேப்பேன். அறுபது வயசாகி முட்டி ரெண்டும் போயி கம்பூணிக்கிட்டு வந்தாலும், "ஏன்டே சொன்ன"ன்னு கேப்பேன்.

லேசுல விட்டுட்டுப் போற ஆளு நான் இல்ல.